பாங்குக்கு வந்த சாவு

மாதா துணை

தூத்துக்குடி
12-8-73

அன்பு மகள் கிளாடிஸுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் என் முழங்கால் தவிர இங்கே எல்லாம் சுகம், பம்பாயில் நீயும் சுகம் என்று நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும், கிறிஸ்துமஸிலிருந்து நீ ஒரு வரி போடவில்லையே. நான் உன் பணத்தைப் போட்டிருந்த பாங்கு மூடிய அன்றே உன் பர்னபாஸ் மாமா, அக்கா உன் படிப்புப் பணத்தைக் கடலில் கொட்டிவிட்டாள் என்று உனக்குக் கார்டு போட்டது எனக்குத் தெரியும். அவன் கடன் கேட்டு நான் கொடுக்காத ஆத்திரம் அது. மாமன் சொன்னதை நம்பினாய், பெற்றவளைக் கேட்கவில்லை. அது போகட்டும் என்று எழுத எனக்கு மனசில்லை, இருக்கட்டும். நீ ராத்திரி டூட்டி பார்த்துச் சேர்த்த பணம் ஒரு பைசா குறையாமல் வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்துவிட்டது.

அறுபதாம் வருஷம் உன் அப்பா சங்கு குளித்துச் சேர்த்தது வேறொரு பாங்கோடு போனபோது கேட்க நாதியில்லை, அந்த ஏக்கத்திலேயே அவர் போனார். அதற்குப் பிறகுதான் பாங்கு நொடித்தால் டெபாசிட்டுக்கு அரசாங்கக் கார்ப்பரேஷன் ஈடு கொடுக்கும் என்று சட்டம் வந்தது, இப்போது பத்தாயிரம் வரைக்கும். கருவாடு பொதிந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்து, அது இந்தப் பாங்குக்கும் உண்டா என்று மேனேஜரிடம் கேட்டுத்தான் போட்டேன். பாங்கு மூடியதும் அதைச் சொன்னால் யார் நம்பினார்கள்? இன்சூரன்ஸ் என்றால் ஆள் செத்தால் வருவது என்றுதான் நம் தெருவுக்குத் தெரியும். உன் மாமா மீன் மார்க்கெட்டில் எல்லாரும் கேட்க, அது வேணும்னா நீ மொதல்ல சாகணுமேக்கா, சவப்பெட்டிக்குச் சொல்லிரட்டா என்றான். செத்தது நானில்லலே, பாங்கு என்றேன். அன்றிலிருந்து எனக்கு இன்சூரன்ஸ் ஆத்துமா என்று பேர், உனக்கு எப்ப அடக்கப் பூசை என்று பக்கத்து வீட்டு கிரேசிகூடக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பணத்தை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு திரும்பினால், ஈட்டுப்பணம் வாங்கும் வரிசையில் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உன் மாமா! கையில் காசில்லை என்று கடன் கேட்டவன் அதே பாங்கில் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். நான் விடுவேனா? ஏலே பர்னபாஸு, நீ எப்பலே செத்த, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே, வந்து அழுதிருப்பேனே என்றேன். வரிசையே சிரித்தது. துண்டுக்குள்ளிருந்து, சத்தம் போடாதக்கா என்று மட்டும் வந்தது.

பணத்தை அன்றைக்கே அரசாங்க பாங்கில் நம் ரெண்டு பேர் பேரிலும் போட்டுவிட்டேன். வீட்டிலேயே வைக்கச் சொன்னாள் கிரேசி. பாங்கு செத்தால் ஈடு உண்டு, எலி தின்றால் யார் தருவார் என்று கேட்டேன், போய்விட்டாள். நீ தைரியமாக மேல்படிப்புக்கு எழுதிப்போடு. ஈரத்தலையோடு டூட்டிக்குப் போகாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. இது கண்டதும் பதில் போடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அம்மா நீ சொன்னது சரி என்று ஒரு வரி போதும். அதைக் கொஞ்சம் பெரிசாக எழுது, உன் மாமா கண்ணாடி போடாமல் படிக்கவேண்டும்.

இன்னும் சாகாத உன் அம்மா,
அற்புதமணி