நாற்பது சேர்க்காத கணக்கு

செவ்வாய், 12

விடியும்போதே பேய்மழை. அம்மா போய்விட்டாள். கெடா மாநிலத்துச் செர்டாங்கில் அண்ணன் வீடு. பந்தல், பூ, வாழையிலை, ஐஸ் பெட்டி. அழக்கூட நேரமில்லை.

தங்கை மலருக்குப் போன். லங்காவித் தீவில் ஹோட்டல் வேலை. கடல் சரியில்லை, இன்று ஃபெரி கிடையாதாம். நாளை முதல் ஃபெரி 7.30.

"கோலா கெடா ஜெட்டிக்கு 1 மணி 45 நிமிஷம் ஆகும். அப்புறம் வீட்டுக்கு பஸ்ஸும் டாக்சியும் 2 மணி 50 நிமிஷம். மூஞ்சியப் பாக்காம எடுத்துறாதீங்கக்கா."

நாளை 12க்கு ராகு காலம். 11.45க்கு எடுப்பது என்று அண்ணன் முடிவு. போனில் 1.45ஐயும் 2.50ஐயும் தட்டினார். 3.95.

"நாலு மணி நேரங்கூட இல்ல. பதினொன்றரைக்குள்ள வந்துடுவா."

கையுறை ஃபேக்டரியில் பஞ்ச் கார்டு நேரம் கூட்டுவதுதான் என் பிழைப்பு. புள்ளியை மறந்துவிட்டுக் கூட்டு: 395. நிமிடங்களின் கூட்டு அறுபதை எட்டினால் நாற்பது சேர்: 435. நாலு மணி முப்பத்தைந்து நிமிடம். அவள் வர 12.05 ஆகும். சொன்னேன். ராகு காலம் முடிந்து ஒன்றரைக்கு மேல் எடுக்கலாமே என்றும் சொன்னேன்.

"கால்குலேட்டர் பொய் சொல்லுமா? சும்மா இரு லா. எழவு வீட்டுல கணக்குப் பாடம்!"

புதன், 13

வெயில். பதினொன்றரை. மலர் வரவில்லை.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே."

"பூசாரிக்கு வேற வீடு இருக்கு. வண்டியும் காத்துக்கிட்டு நிக்குது."

எடுத்துவிட்டார்கள்.

12.05. வீடு கழுவிக்கொண்டிருந்தோம். ஈரத்தரையில் செருப்போடு நின்றாள் மலர். "அம்மா எங்கக்கா?" சுடுகாட்டுக்குப் பொம்பளைகள் போகக்கூடாதாம். பெரியவர்கள் நாலு பேர் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அண்ணன் குளித்துவிட்டு வந்து எல்லோரிடமும்: "ஃபெரி லேட்டு. அவளுக்குக் குடுத்து வைக்கல."

ஃபெரி லேட்டே இல்லை.

வியாழன், 14

மூட்டம். பால் ஊற்றியாயிற்று. சீனி தீர்ந்தது. ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம். மலர் ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மாவின் கைலியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளிடம் கணக்கைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெள்ளி, 15

தூறல். மலருக்கு லீவு முடிந்தது. மாலை 5.15க்கு ஃபெரி. எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். அதற்குள் அண்ணன் போனை எடுத்துவிட்டார். 5.15இலிருந்து 2.50ஐக் கழித்தார். 2.65.

"ரெண்டு அறுபத்தஞ்சு. அதாவது மூணு அஞ்சுக்குக் கிளம்புனா போதும்."

15இல் 50 போகாது, அதனால் இன்னும் நாற்பது கழி: 2.25க்குக் கிளம்ப வேண்டும்.

மலர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவ எடுக்கவும் இப்படித்தான் கணக்குப் போட்டீங்களா அண்ணே?"