ஐந்து பேரோடு மலை ஏறும் வண்டி

ஏனுங்க,

கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுத வரவில்லை. இருபத்தாறு வருஷம் கூப்பிட்டபடியேதான் கூப்பிடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் கவிதாவுக்கு வளைகாப்பு. மலைக்கு அந்தப் பக்கம் கொளத்தூரில், அவள் மாமியார் வீட்டில். வளையல் போட்ட கையோடு அவளைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பாலாறு தாண்டி, மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, மைசூர் வரைக்கும் நான்தான் ஓட்டப்போகிறேன். டிரைவர் வைத்து அனுப்புகிறேன் என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏனென்று உங்களுக்குத் தெரியாதா? அன்று நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது கார் வாசலில் நின்றது, சாவி என் கையில் இருந்தது. ஓட்டத் தெரியாமல் ஆட்டோ தேடித் தெருமுனைக்கு ஓடினேன்; ஆட்டோ வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். "உனக்கெதுக்கு டிரைவிங்?" என்று சிரிப்பீர்களே, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. உங்கள் மேல்தான். அந்தக் காரை விற்றுவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

புதுக் கார் பார்க்கப் போனால், ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர் என்றார்கள். மூணு சிலிண்டர் ஆடும், வாங்காதே என்றார் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் சூப்பர்வைசர். பதினைந்து வருஷம் வண்டி வைத்திருந்தீர்கள், ஒரு நாளாவது இதையெல்லாம் எனக்குச் சொன்னீர்களா?

ஷோரூம்காரர்தான் பொறுமையாகச் சொன்னார். எல்லா சிலிண்டரும் சேர்ந்து எவ்வளவு கொள்ளுமோ அதுதான் சிசியாம். ஒரே அளவுக் குழம்பை மூன்று சட்டியில் ஊற்றினாலும் நான்கில் ஊற்றினாலும் குழம்பு கூடாதல்லவா? "மூணோ நாலோ, அது வேலையைப் பங்கு போட்டுக்குற கணக்கு மேடம். நாலுன்னா ஆட்டம் கம்மி. மலையில இழுக்குமான்னு ஓட்டித்தான் பாக்கணும்," என்றார்.

அந்த ஆயிரம் சிசி வண்டியை ரிங் ரோட்டில் ஓட்டினேன், பறந்தது. அட்வான்ஸ் எழுதப்போகும்போதுதான் உறைத்தது. நம்மில் யார் தனியாக மலை ஏறியிருக்கிறோம்? பெண்ணை அழைத்துவர உங்கள் அக்கா, என் தங்கை, சம்பந்தியம்மா, சீர்ப் பாத்திரம், முறுக்கு டின் எல்லாம் வரும். ஆளில்லாமல் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜனங்கள் நாம்.

மறுநாள் நஞ்சன்கூடு கம்பெனியில் என்னோடு பேக்கிங் பார்க்கும் மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றினேன். ஷோரூம்காரர் பக்கத்தில். ஏசியைப் போட்டுச் சாமுண்டி மலை ஏறினோம். ஒரு வளைவில் முன்னால் பஸ் நிற்க, நானும் நின்றேன். திரும்ப எடுத்தபோது வண்டி உதறி அணைந்தது. பின்னால் உருண்டது. பின்னால் இன்னொரு பஸ்.

"அக்கா, பிரேக்," என்றாள் மரகதம், சன்னமாக.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். என்ஜின் சின்னது, அதான் என்று எல்லாரும் சொன்னார்கள். குனிந்து பார்த்தேன். கியர் இரண்டில் இருந்தது. தப்பு என்னுடையது, வாய்விட்டுச் சொன்னேன். முதல் கியரில் அதே வண்டி ஏறிவிட்டது, மூச்சு வாங்கிக்கொண்டு. அடுத்து ஆயிரத்து இருநூறு சிசி, நாலு சிலிண்டர் வண்டியில் அதே ஆட்களோடு ஏறினோம். அது திணறவில்லை. அதையே எடுத்தேன், ஒரு சிலிண்டர் கூடுதல் என்பதற்காக இல்லை, அந்த இருநூறு சிசிக்காக.

ஆனால் பெரிய என்ஜின் வாங்கினால் என் கியர் தப்பும் சரியாகிவிடுமா? வண்டி வந்ததிலிருந்து தினமும் காலையில் அதே வளைவில் நிறுத்தி எடுக்கிறேன். கியர் ஒன்றில் இருக்கிறதா என்று இன்னும் குனிந்து பார்க்கிறேன்.

நேற்று கவிதா போன் செய்தாள். "பயமா இருந்தா சொல்லும்மா, டிரைவரே வரட்டும்."

"பயமாத்தான் கண்ணு இருக்குது. நீ பின்சீட்டுல தூங்கிட்டு வா," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். மலையில் வண்டி திணறினால் ஏசியை அணைப்பேன், அதுவும் என்ஜின் பலத்தைத் தின்கிறதாம். அதுவும் போதாவிட்டால் உங்கள் அக்காவையும் சம்பந்தியம்மாவையும் இறக்கி நடக்கவிடுவேன், அவர்கள் என்ன திட்டினாலும் சரி. நம் பெண்ணை மட்டும் வீட்டு வாசலில்தான் இறக்குவேன்.

உங்கள் கவிதாவின் அம்மா