தக்காளி உடை

ஆயாம்மா, மாறுவேடப் போட்டி வருகிறதென்று இன்று காலை பள்ளிக்கூடத்து இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு மேலாகவே கிடந்தது அந்தச் சிவப்புத் தக்காளி உடை. பச்சைக் காம்பு வைத்த தொப்பி மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டேன். பெருக்க வந்த புதுப் பெண் என்ன நினைத்தாளோ, சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நமக்கு ஒரே வயதுதான். ஆனாலும் குழந்தைகளோடு சேர்ந்து நானும் உங்களை ஆயாம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். போன கோடை விடுமுறையில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் வேறு பெயர் வாயில் வரவில்லை.

இந்த உடை தைத்த வருஷம் எனக்கு ஒரு மேதாவித்தனம். எல்லா மதமும் மேடையில் தெரிய வேண்டும், குழந்தைகள் ஒருவரை ஒருவர் மதிக்கக் கற்க வேண்டும் என்று பெரிதாகத் திட்டம் போட்டேன். என் வகுப்புச் சபிஹாவின் பள்ளி டைரியில் 'முஸ்லிம் பெண் வேடம்' என்று எழுதி அனுப்பினேன். பச்சைப் பாவாடை, ஜிகினா முக்காடு என்று விவரம் வேறு. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றேன்.

"காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றீர்கள், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே. "தக்காளியா வரணும்னு ஒரு வாரமா என் முந்தானைய புட்ச்சி இஸ்துக்கினு கீது அந்தப் பாப்பா. நீங்க அத்த ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் வேற்றுமை, ஒற்றுமை என்று ஏதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தீர்கள்.

"இன்னா டீச்சர், மாறுவேசம்ன்றீங்க. எல்லாப் புள்ளைங்களும் வேசம் கட்டிக்கினு வருது. இது மட்டும் அதுவாவே வரணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. மாலையில் நீங்கள்தான் என்னை சபிஹாவின் அப்பாவுடைய தையல் கடைக்கு இழுத்துப்போனீர்கள். கோயில் குளத்தைத் தாண்டி இரண்டாவது சந்து. எத்தனையோ வருஷமாக என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார். என் அளவு அவருக்கு மனப்பாடம். அவர் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"டீச்சரம்மா எழுதி அனுப்பியிருக்கீங்க, மாட்டேன்னு எப்படிச் சொல்றதும்மா? இந்த மாதிரி உடுப்பு எங்க வீட்ல யாரும் போடறதில்ல. அதான் வாடகைக்குக் கேட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

சபிஹா மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நான் குனிந்து, "நீ யாரா வரணும், கண்ணா?" என்று கேட்டேன். பதிலை உங்கள் காதில்தான் சொன்னாள். அவள் அப்பா சிரித்துவிட்டு, ரவிக்கை லைனிங்கில் மிச்சமிருந்த சிவப்புத் துணியைத் தேட ஆரம்பித்தார்.

மேடையில் அவள் பேசியது நினைவிருக்கிறதா? "நான்தான் தக்காளி. எங்க வீட்ல பிரியாணில இருப்பேன். டீச்சர் வீட்ல ரசத்துல இருப்பேன். ஆயாம்மா வீட்ல கருவாட்டுக் கொழம்புல இருப்பேன்." கருவாடு என்றதும் தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அரங்கம் கைதட்டிச் சிரித்துவிட்டது. வசனம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும் டீச்சர்?" என்று நீங்கள் துடைப்பத்தைத் தேடிப் போனீர்கள்.

முன்பெல்லாம் போட்டிப் பட்டியலில் பெயருக்கு எதிரே வேடத்தையும் நானே எழுதிவிடுவேன். அன்றிலிருந்து எதிர்க் கட்டம் காலியாகவே இருக்கும். ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் பேனா எடுப்பேன். இதுவரை ஒரு ரோடு ரோலர், இரண்டு காக்காய், ஒரு ஃபில்டர் காபி வந்தாயிற்று.

இன்று மாட வீதிக் குழந்தை ஒருத்தியைக் கேட்டேன். "எங்காத்துல கிருஷ்ணர்னு சொல்லிண்டிருக்கா. நான் ஆயாம்மாவா வரேன் மிஸ்" என்றாள். போன வருஷம் எல்.கே.ஜி.யில் உங்கள் கையால் சாப்பிட்டவள்.

"என்ன பேசுவே?" என்றேன்.

குட்டி இடுப்பில் கை வைத்தாள். "இன்னா டீச்சர்!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, அவள் பெயருக்கு எதிரே உங்களை எழுதினேன், ஆயாம்மா.