துவரம்பருப்பு அளவு

10-7-2006, திங்கள்
வெயில். ஆடி பிறக்கப்போகிற மாதிரியே இல்லை. வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: மகள் சுமதிக்கு நர்சிங் ஸ்கூல் இண்டர்வியூ. சூபர்வைசர் படித்துவிட்டு, "பிளஸ் டூ பாஸ் பண்ணிடுச்சா?" என்றார். போன வருடமே பண்ணிவிட்டாள், இரண்டாம் தடவையில். இயற்பியலில் இருநூறுக்கு எழுபது. எழுபதுதான் பாஸ். ஒரு மார்க்கைக்கூட வீணாக்காத பிள்ளை. பத்தாவதை மூன்று தடவை எழுதியவன் நான்.

விழுப்புரத்திலிருந்து மச்சான் போன். ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், ஆவணியில் முடிக்க வேண்டுமாம். சீட் கிடைக்காவிட்டால் பேசலாம் என்று சொல்லித் தொலைத்தேன். சுமதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் பாத்திரச் சத்தம் கூடிவிட்டது.

11-7, செவ்வாய்
கம்பெனியில் தணிகாவிடம் யோசனை கேட்டேன். அவன் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் இவனுக்கும் எல்லாம் தெரியும்.
"கன்னியாஸ்திரி ஸ்கூல்தானே? உள்ள போனதும் பொன்ழூர் மதர்னு பிரெஞ்சுல வணக்கம் சொல்லுடா. அசந்துடுவாங்க."
பொன்ழூர். பொன்ழூர். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனான்.

12-7, புதன்
ஃபைல் அடுக்குவது என் பொறுப்பு.
மார்க் ஷீட் (அடியில் வைத்தேன்)
டி.சி.
ஜாதி சான்றிதழ்
மெரியில் (முனிசிபாலிட்டி) வாங்கிய பிறப்புச் சான்று
போட்டோ 3 (மூன்றிலும் முறைக்கிறாள்)
அலமாரியில் பிரவுன் அட்டை போட்ட நோட்டு ஒன்று. மேலே அவள் கையெழுத்தில் 'ரெக்கார்டு'. இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. மார்க்தான் இல்லை, எழுத்தையாவது பார்க்கட்டும் என்று அதையும் சொருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு பிஸ்கட்.

13-7, வியாழன்
கா. 9க்கே போய்விட்டோம். எங்களுக்கு முன் பதினெட்டுப் பேர், எல்லோர் அப்பாவும் பேண்ட்டை இன் பண்ணியிருந்தார்கள்.

உள்ளே போனதும் "பொன்ழூர் மதர்" என்றேன்.
பிரின்சிபால் மதர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க. நான் திண்டுக்கல்."

மார்க் ஷீட்டை அடியிலிருந்து சரியாக உருவினார். ரொம்ப நேரம் பார்த்தார். "கஷ்டம்மா" என்றார். சுமதி தலை குனிந்தாள். நான் பாய்ந்தேன்.
"மதர், இந்த ரெக்கார்டு நோட்டக் கொஞ்சம் பாருங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."
சுமதி நோட்டைப் பார்த்தாள். "ப்பா, அது வேற" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் மதர் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"செப்டம்பர் 20. அப்பா கால் பெருவிரல் புண், புளியங்கொட்டை அளவு. சீழ் உண்டு. செப்டம்பர் 29. துவரம்பருப்பு அளவு. சீழ் இல்லை. மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தார், எடுத்து வந்தேன். அக்டோபர் 11, ஆயுத பூஜை. கம்பெனி லட்டு 3. ஒன்றுதான் என்றார். சட்டைப் பையில் பூந்தி."

போன வருடம் ஆணி குத்திய கால். எனக்குச் சர்க்கரை வேறு. அவள்தான் தினமும் கட்டுப் போட்டாள். எழுதியது தெரியாது.

"ஏம்மா பருப்பு, கொட்டைன்னு எழுதியிருக்க?"
"ஸ்கேல் வச்சா அப்பா கத்துவாரு மதர். டாக்டரு எப்டி இருக்குன்னு கேட்டா, 'பரவால்ல சார்'னு மட்டுந்தான் சொல்லுவாரு. அதான் எழுதி எடுத்துனு போனேன்."

மதர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கடுகு அளவு. மூடிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.
"லட்டு எத்தனைங்க?"
"ஒண்ணுதான் மதர்."
மதர் ஆயுத பூஜைப் பக்கத்தைத் திருப்பி எடுத்தார்.
"மூணு மதர்."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டுவார்களாம். பஸ்ஸில் சுமதி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் அவள் அம்மா: "ஊர்ல ஒலகத்துல எவனாவது இண்டர்வியூக்குத் தன் புண்ணத் தூக்கினு போவானா?"

14-7, வெள்ளி
போன வருட டைரியை எடுத்தேன். செப். 20இல் நான் எழுதியது: 'கால் கொஞ்சம் வலி. பரவாயில்லை.' அதன் பிறகு நாற்பது நாள் காலி. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதை நான் எழுதவே இல்லை. அவள் நோட்டில் இருக்கிறது. தேதியோடு. பக்கத்தில் 'அம்மாவிடம் சொல்லவில்லை' என்று.

மாலை மச்சானுக்கு போன். ஆவணி வேண்டாம் என்றேன். லிஸ்ட் வரவில்லையே என்றான். வராவிட்டாலும் வேண்டாம் என்றேன்.

21-7, வெள்ளி
தூறல். லிஸ்டில் பெயர் இருக்கிறது. கடைசிக்கு முந்தின பெயர். மேலிருந்து படித்ததில் பாதிப் பிராணன் போனது. சுமதி கீழிருந்து படித்தாள்.
தணிகா: "பாத்தியா, பொன்ழூர்."

7-8, திங்கள்
ஹாஸ்டலில் விட்டு வந்தோம். பக்கெட், போர்வை, ஊறுகாய். அழவில்லை. நானும்தான். கேட் அருகே பிரவுன் அட்டை நோட்டைக் கையில் கொடுத்தாள்.
"இனிமே நீயே எழுதுப்பா. லீவுல வந்து பாப்பேன். பொய் எழுதுனா எழுத்துலயே தெரிஞ்சிடும்."

8-8, செவ்வாய்
காலை மாத்திரை போட்டேன். இட்லி 4. கால் சரி. மாலை கம்பெனி விட்டு வரும்போது பேக்கரியில் பன் 1.
சட்டையை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
பன் 2.