மலை ஓட்டு

அண்ணா, உங்கள் வண்டியின் கிளட்ச் ஆயில் டப்பா மூடி பத்து நாளாக என் மேசைமேல் கிடக்கிறது. புதுசு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன், இந்தப் பழசைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவித் துடைத்த பிறகு அதன்மேல் பொடி எழுத்தில் இருப்பது நன்றாகவே தெரிகிறது. மினரல் ஆயில் மட்டும் ஊற்றவும், பிரேக் ஆயில் ஊற்றக்கூடாது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. மூன்று வருடத்தில் இதை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பேன்! ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

நீங்கள் படிக்கச் சொன்னீர்கள். அதுதான் மனதை அரிக்கிறது.

பெங்களூரில் வேலை பார்த்த உங்கள் மச்சினர் உங்களிடம் விட்டுப்போன பழைய வெளிநாட்டு பைக் அது. கிளட்சுக்கு கேபிள் கிடையாது. லிவரைப் பிடித்தால் குழாயில் இருக்கும் ஆயில் போய், இஞ்சின் ஓரத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரைத் தள்ளும், கிளட்ச் விடும். அப்படி ஒரு வண்டி அதற்கு முன்னால் சேந்தமங்கலத்தில் என் கடைக்கு வந்ததே இல்லை. அதை உங்களிடம் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. லிவர் தொளதொளவென்று இருக்கிறது என்று சொன்னீர்கள். நான் மூடியைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவை எடுத்தேன்.

"ஏனுங்க மெக்கானிக்கு, மூடியில என்னமோ எழுதியிருக்குதுங்களே. பாத்துட்டு ஊத்துங்க" என்றீர்கள்.

"எல்லாம் ஒரே ஆயில்தானுங்கண்ணா. நீங்க மலையில உங்க மிளகைப் பாருங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் கூடவே சிரித்தீர்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆயில் ஒழுக ஆரம்பித்தது. லிவர் கைப்பிடியைத் தொடுகிறது, கியர் விழமாட்டேன் என்கிறது என்று வந்து நின்றீர்கள். எங்கள் கடையில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. மலையிலிருந்து வரும் வண்டிக்கு கிளட்சில் கோளாறு என்றால் பிரித்தே பார்க்க மாட்டோம், நோட்டில் 'மலை ஓட்டு' என்று எழுதிவிடுவோம். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறி இறங்குகிறவர், ஓட்டத் தெரியாதவர் என்று அதற்கு அர்த்தம். உங்களுக்கு அந்த அர்த்தத்தை நான்கு பேர் முன்னால் விளக்கவும் செய்தேன்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க. உங்க கைதான் சரியில்ல."

நீங்கள் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டீர்கள். "அப்படீங்களா? இருவது வருசமா ஓட்டறேனுங்களே" என்று இழுத்தீர்கள். அப்புறம், "சரிங்க, பழகிக்கறேன்" என்றீர்கள். எவ்வளவு திமிர் இருந்தால் நான் அதற்குத் தலையை ஆட்டியிருப்பேன்!

சொன்னபடியே பழகினீர்கள். இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ஆக்சிலேட்டரைத் தணித்து, கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றினீர்கள். கடை வாசலில் ஓட்டிக் காட்டி, "இப்ப பரவால்லீங்களா?" என்று என்னிடம் கேட்டீர்கள். அதைச் செய்கிற கை எப்படிச் சரியில்லாத கையாகும் என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். ஒழுகினதற்கு ஈடாக நான் மறுபடி பிரேக் ஆயிலையே ஊற்றி அனுப்பினேன். நீங்கள் கொண்டுவந்த மலை வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே அனுப்பினேன்.

போன ஆடியில் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இந்த மாதம் உங்கள் மகள் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிய லாரியில் வண்டியை ஏற்றி அனுப்பியிருந்தாள். உங்கள் முகத்துக்காக, அதை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். எல்லா இடத்தையும் காயத் துடைத்து, கீழே செய்தித்தாளை விரித்து, லிவரை அழுத்தி அழுத்தி விட்டேன். மேலே லிவர் பக்கம் காய்ந்திருந்தது, குழாயும் காய்ந்திருந்தது. கீழ் சிலிண்டருக்கு நேராகத் தாள் நனைந்தது. இஞ்சின் ஆயிலாக இருக்குமோ என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். மிதக்காமல் கரைந்துபோனது. பிரேக் ஆயில்தான். சிலிண்டரைப் பிரித்தால், உள்ளே ரப்பர் சீல் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. ஆகாத ஆயில் பட்டால்தான் ரப்பர் அப்படி ஆகும். அதன் பிறகுதான் மூடியைக் கழுவிப் படித்தேன்.

சேலத்தில் சொல்லிவைத்து மேல் சீல், கீழ் சீல் இரண்டையும் வரவழைத்து மாற்றினேன். குழாயை அலசி, ஊசி போடும் சிரிஞ்சால் கீழிருந்து மினரல் ஆயிலை ஏற்றி, காற்றை வெளியேற்றினேன். லிவர் கல் மாதிரி நின்றது. அரை நாள் வேலை, அண்ணா. மூன்று வருடமாக நான் செய்யாதது அந்த அரை நாள் வேலையைத்தான்.

நேற்று உங்கள் மகள் வண்டியை எடுக்க வந்தாள். லிவரைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"நான் காலேஜ் சேந்ததுல இருந்து அப்பா என்னைய இதுல ஏத்துனதே இல்லீங்க. பஸ்ஸு போயிருச்சுன்னாலும் அடுத்த பஸ்ஸுக்கு சோளக்காடு ஸ்டாப்பு வரைக்கும் கூடவே நடந்து வருவாரு. 'என் கை சரியில்ல கண்ணு, உன்னைய வெச்சு ஓட்ட பயமா இருக்குது'ம்பாரு."

ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியையும் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மூடியை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கோணும்" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் எதிரிலேயே வந்து உட்கார்ந்திருந்தீர்கள், படித்துப் பார்க்க எனக்கு அத்தனை நாள் இருந்தது. இனி நான் எந்த வண்டியை எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் உங்கள் காதில் விழப்போவதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, அண்ணா. மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் தாராளமாகப் போயிருக்கலாம்.