ஏறிக்கொண்டிருந்த விமானம்

என் உயிரான கஸ்தூரி அக்காவுக்கு,

உன்னைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் 'பாவம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. நீயா பாவம்? தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் விசிலடித்துக்கொண்டே உன் பின்னால் வந்தவனைக் குடையால் ரெண்டு சாத்திவிட்டு, அவன் நெற்றியில் ரத்தம் வந்ததும் அங்கேயே உட்காரவைத்து, கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டி அனுப்பியவள் நீ. உன்னைப் போய்ப் பாவம் என்கிறார்கள்.

இத்தனை வருஷம் கழித்து எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். கோபம் ஆறவில்லை அக்கா. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீ. அப்பாவின் அரிசிக்கடை நொடித்தபோது, 'நான் வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போறேன், நீ படி' என்று சொல்லிவிட்டுப் போனதும் நீ. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாய். உன் ஆஸ்பத்திரி இருந்த ஊரிலிருந்து கடலைத் தாண்டி அக்கரைக்கு விமானத்தில் ஒரு சின்னப் பயணம். அங்கிருந்து பம்பாய், அப்புறம் மெட்ராஸ். அந்தச் சின்னப் பயணம்தான் முடியவில்லை.

அன்றைக்கு அப்பா, நீ அனுப்பிய பணத்தில் மறுபடி திறந்திருந்த கடையை மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் சொன்னார்கள்: வளைகுடாவில் நின்ற ஒரு போர்க்கப்பல், போர் விமானம் என்று நினைத்துப் பயணிகள் விமானத்தை ஏவுகணையால் அடித்துவிட்டது. அப்பா சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். 'நம்ம பொண்ணு இன்னைக்கித்தானே ஏறுறேன்னா?' என்றார். நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் எதிர்வீட்டுக்குப் போன் வந்தது.

உன்னை எங்களிடம் கொண்டுவந்து தரவில்லை அக்கா. தர்ப்பையில் ஒரு உருவம் செய்து, அதற்கு உன் மஞ்சள் சேலையைச் சுற்றிக் கொளுத்தினார்கள். அப்பா அதைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

துக்கம் கேட்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, மாப்பிள்ளை தயாளனுக்கு விமானப்படையில் வேலை. வடக்கே எல்லையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்க அப்போதுதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். கூட அவருடைய பெரியப்பா. அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தபடி ஆரம்பித்தார்.

'நிச்சயம் பண்ணின கையோட இப்படி ஆயிடுச்சு. பொண்ணோட ராசியைத்தான் யோசிக்க வேண்டியிருக்கு.'

யோசித்துப் பார், ஏவுகணையை விட்டவன் எங்கோ கடலில் இருக்கிறான். பழி சேலையூரில் நம் வீட்டில் உட்கார்ந்திருந்த என் தலையில்.

தயாளன் குறுக்கே வந்தார். 'சும்மா இருங்க பெரியப்பா. ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தமாதிரி நேரத்துல ராடார்ல ஒரு புள்ளிதான் தெரியும். சண்டை நடக்கிற இடம். யாரா இருந்தாலும் தப்பு நடக்கத்தான் செய்யும்.'

எனக்கு ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அந்த 'யாரா இருந்தாலும்' எனக்கு ராசியைவிட மோசமாகக் கேட்டது.

'யாரா இருந்தாலும்னா? அந்த இடத்துல நீங்க இருந்திருந்தா?' என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. 'சுட்டிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்' என்றார்.

'அப்ப இந்தக் கல்யாணம் வேணாம். எழுந்து போங்க.'

அப்பா என்னைத் தடுக்கவில்லை. வாசல் கதவை அகலத் திறந்துவிட்டார்.

ராசியில்லாத பெண், அதனால் நாங்கள்தான் நிறுத்தினோம் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். மார்க்கெட்டில் பூக்காரம்மாவே கேட்டுவிட்டாள், 'இன்னாம்மா, அவுங்க வேணாம்னுட்டாங்களாமே?' சுற்றி நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே பதில் சொன்னேன். 'அவங்க சொல்லலை. நான்தான் வேணாம்னேன். யார் கேட்டாலும் இப்படியே சொல்லு.' அன்றைக்கு நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

அதற்கப்புறம் பேப்பர் பேப்பராகப் படித்தேன். லைப்ரரியில் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரும் படித்தேன். அந்தக் கப்பலின் நாட்டுக்காரர்கள் முதலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? உன் விமானம் பாதை விலகி வந்ததாம். கப்பலைப் பார்த்துக் கீழே பாய்ந்ததாம். கூப்பிட்டும் பதில் சொல்லவில்லையாம். செத்தவர்கள் மேல் எவ்வளவு சுலபமாகப் பழி போட முடிகிறது! அவர்கள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்களா?

சில மாதம் கழித்து அவர்களே விசாரித்து, அவர்களே வேறு சொன்னார்கள். விமானம் தன் பாதையில்தான் வந்தது. 'நான் பயணிகள் விமானம்' என்று அதன் கருவி சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அது பாயவில்லை, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அந்தச் செய்தி வந்த வாரம் தயாளன் நம் கடைக்கு வந்தார். அரிசி வாங்க வந்தாராம். மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆளுக்கு எதற்கு அரிசி? அப்பா ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

'அன்னைக்கி நான் சொன்னது தப்புங்க' என்றார். 'உயரம் எவ்வளவுன்னு அவங்க எதிர்லயே எண் ஓடிட்டு இருந்திருக்கு. ஏறிக்கிட்டே போற எண். அதைப் பார்த்துக்கிட்டே ஒருத்தன் எறங்குது எறங்குதுன்னு கத்தியிருக்கான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எதிரிப் படகுக்காரங்களோட சண்டை. பயத்துல இருந்திருக்காங்க. ஒருத்தன் எதிரின்னு சொன்னதும் மத்தவங்களுக்கும் எதிரியாவே தெரிஞ்சிருக்கு.'

'அதான் யாரா இருந்தாலும்னு சொன்னீங்களே.'

'இல்லங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். பக்கத்துலயே அவங்களோட இன்னொரு கப்பல் நின்னிருக்கு. அதுல இருந்தவங்களும் அதே புள்ளியைத்தான் பார்த்திருக்காங்க. இது பயணிகள் விமானம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.' நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'யாரா இருந்தாலும் இல்லங்க. பார்த்தவன் பார்த்திருக்கான். நானும் பார்த்திருக்கணும். பார்க்கிறதுதானே என் வேலை?'

அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன் அக்கா. 'சரி. இப்ப என்ன பண்ணப் போறீங்க?' என்று கேட்டேன்.

தன் வகுப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். திரையைப் பார்த்து ஒரு பையன் எதிரி என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவன் உடனே, 'இல்லன்னா?' என்று கேட்கவேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. 'பசங்களைக் கோழையாக்குறே' என்று மேலதிகாரி ஒருத்தர் திட்டினாராம். பார்க்காமல் சுடுவதுதான் கோழைத்தனம் என்று இவர் சொல்லிவிட்டாராம்.

'உங்க அக்கா போட்டோ ஒண்ணு குடுப்பீங்களா? புள்ளின்னா என்னன்னு பசங்களுக்குக் காட்டணும்' என்றார்.

மாலை போட்ட படத்தை நான் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைத் தொப்பி சாய்ந்திருக்க, வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாயே, அதைக் கொடுத்தேன். எத்தனை பையன்கள் உன்னைப் பார்த்திருப்பார்களோ, தெரியாது. எங்கேயாவது ஒரு திரைக்கு முன்னால் அவர்களில் ஒருத்தனுக்காவது உன் சிரிப்பு நினைவுக்கு வந்திருக்குமா?

அப்புறம் நானே சரி என்றேன், தயாளனோடு கல்யாணம் நடந்தது. நாங்கள் வேண்டுமென்றே ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டோம், ரிஜிஸ்தர் ஆபீசில். ராசி பார்த்தவர்கள் யாரும் வரவில்லை. 'எவன் வராட்டி என்ன, சோறு மிச்சம்' என்று அப்பா சொன்னார். நீ போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் இப்போது பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். செயப்பாட்டு வினை நடத்தும்போது, 'விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது' என்று போர்டில் எழுதுவேன். 'சுட்டது யாரு?' என்று கேட்பேன். 'அது வாக்கியத்துலயே இல்லையே டீச்சர்' என்பார்கள். 'இல்லல்ல? ஏன் இல்ல?' என்று விடாமல் கேட்பேன். பெரிய மேடம் ஒருநாள் கூப்பிட்டு, 'இதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா அமுதா' என்றார். 'வராட்டி பரவாயில்ல மேடம்' என்று சொல்லிவிட்டு, அடுத்த பீரியடிலும் அதையேதான் எழுதினேன்.

அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு அப்புறம் பதக்கம் குத்தினார்களாம் அக்கா. வருத்தம் என்றார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர்கள் வாயில் வரவே இல்லை. நானும் மன்னிக்கவில்லை. நாங்கள் செய்தோம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகு யோசிக்கிறேன்.

இப்போது முக்கியமான சேதி. அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. 'முழுசா போறதுக்குள்ள அந்தத் தண்ணியை ஒருதடவை பார்த்துடணும்' என்றார். தயாளன் படையிலிருந்து வெளியே வந்து, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அவர்தான் அலைந்து எல்லாம் ஏற்பாடு செய்தார். அடுத்த மாதம் மூன்று பேரும் போகிறோம். உன் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அக்கரைக்கு, நீ வந்த அதே வழியில், விமானத்தில்.

விஷயம் தெரிந்து பெரியப்பா, அந்தத் துக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக நம் வீட்டுக்கு ஓடிவந்தார். 'வேணாங்க, அந்த வழி நல்லதில்ல' என்று கெஞ்சினார். அப்பா அவர் தோளில் கை வைத்து, 'என் பொண்ணு வந்த வழிதானேங்க. நான் எதுக்குச் சுத்திப் போகணும்?' என்றார்.

இது என் சத்தியம் அக்கா. அந்தத் தண்ணீருக்கு மேலே போகும்போது, பெல்ட்டைக் கட்டு, உட்கார் என்று யார் சொன்னாலும் நான் எழுந்து நிற்பேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உன் பெயரைச் சொல்வேன். அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, கடல் எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவேன். அப்புறம் அக்கரையில் இறங்குவோம். நிச்சயமாக இறங்குவோம்.

நீ தலை பின்னிவிட்ட தங்கச்சி,
அமுதா