குளியலறையில் ஒரு பிளக் பாயின்ட்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஓய்வு பெற்று மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்குக் கை தானாகப் பரிசோதனைக் கூடத்துச் சாவியைத் தேடியது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம், அவ்வளவு லேசில் போகுமா?

மின்சாதனக் கடைக்குப் போனேன். கப்பல் சுற்றுலாவுக்கு அடாப்டர் வேண்டும். கடைக்காரர் தட்டை முள், வட்ட முள், மூன்று முள் என்று கண்ணாடி மேஜை மேல் பரப்பிவிட்டார். எல்லா முள்ளும் சேர்ந்த ஒன்று செங்கல் கனம்.

"இது வடிவத்த மட்டும்தாம்மா மாத்தும், வோல்டேஜ மாத்தாது. என்ன சார்ஜ் பண்ணப் போறீங்க?"

"போன்."

"போன் மட்டும்னா இந்தச் சின்ன வட்ட முள்ளே போதும். வேற ஏதாவது மெஷின் இருந்தா சொல்லுங்க."

"வேற ஒண்ணுமில்ல."

காதுக்கருவி என்று சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம் எனக்கென்ன வெட்கம்? இருந்தும் முடியை இழுத்துக் காது மேல் விட்டுக்கொண்டேன். சார்ஜர் பெட்டியின் அடியில் உள்ள பொடி எழுத்தை வீட்டில்தான் படித்தேன். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமாம். தப்பித்தேன்.

பிப்ரவரி 5

எட்டு மாதமாக அண்ணன் வீட்டில் இதை மாட்டிக்கொண்டு நடமாடுகிறேன். ஒருவரும் கவனிக்கவில்லை. என் சாமர்த்தியம் என்று பெருமைப்படவா, அழவா?

பிப்ரவரி 7, சனி

பயண நிறுவனத்திலிருந்து தாள் வந்தது. தனியாக வரும் பெண்களில் இரண்டிரண்டு பேருக்கு ஓர் அறை. என் அறைக்கு வருபவர் யாரோ. மேஜையில் இரண்டே பிளக் பாயின்ட், தட்டைக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்கிற நீட்டிப்புப் பெட்டி கொண்டுவந்தால் பறித்துக்கொள்வார்களாம்.

காதுக்கருவிச் சார்ஜரை மேஜை மேல் வைத்தால் வந்தவர் முதல் கேள்வியே "இது என்ன?" என்பதாகத்தான் இருக்கும். நிறுவனத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "பாத்ரூம்ல ஷேவருக்குன்னு ஒரு பாயின்ட் இருக்கு மேடம், வட்ட முள்ளு" என்றாள். அடாப்டர் வாங்கியது வீண் போகவில்லை.

அசட்டுத்தனம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் கருவி மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போன முதல் நாள், பக்கத்து அறைப் பெண்கள் பேசியது துல்லியமாகக் காதில் விழுந்தது. "அந்தச் செவிட்டுக் கேஸுக்கு எதையும் ரெண்டு தடவ சொல்லணும்பா." அவ்வளவு காலம் கழித்து நான் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அது. அன்றே கழற்றிப் பைக்குள் போட்டிருப்பேன். காது டாக்டர் முகத்துக்காகக் கழற்றாமல் விட்டேன்.

பிப்ரவரி 10

அண்ணி, "தனியாவா போறீங்க?" என்றாள். அவள் கவலை எனக்காகவா, நான் இல்லாத ஏழு நாள் மாடிச்செடிக்காகவா, தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

கப்பல். என் அறைத்தோழி கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். இந்தக் குறிப்பில் டீச்சர் என்றே எழுதிவிடுகிறேன். சோதனை வாசலிலேயே அவருடைய நீட்டிப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "நாலு மெஷினுக்கு ரெண்டு ஓட்டையா? யாரு பிளான் போட்டது?" என்று கேட்டார், அதையும் முணுமுணுப்பாக. குரலே அப்படித்தானாம். "நான் கத்தினா கத்துக்க வந்தவங்க நடு ரோட்டுல பிரேக்க மிதிச்சுடுவாங்கக்கா."

முதல் நாளே அக்கா! கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

மேஜை முழுக்க அவருடைய ஒயர்கள். "உங்களுக்கு எதுவும் சொருக வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். சார்ஜர் பெட்டியைக் குளியலறையில் துண்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

பிப்ரவரி 13

காலை ஒன்பதரைக்கே கருவிகள் உயிரை விட்டன. ராத்திரி முழுக்கச் சார்ஜரில் இருந்தவை! போய்ப் பார்த்தால் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது. பிறகு என்ன கேடு?

காது அணைவதற்கு முன் நல்ல பேச்சு. நான் நுண்ணோக்கியில் ரத்தமும் சதையும் பார்த்துக் காலம் தள்ளியவள் என்றதும் டீச்சர் சட்டென்று அமைதியாகிவிட்டார். பிறகு மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னார்.

பிப்ரவரி 14, சனி

இன்றும் பத்து மணிக்குள் இரண்டு காதும் அவுட். மேல்தளத்தில் காற்று வேறு. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த வித்தை இருக்கிறதே, தலையாட்டுவது, சிரிப்பது, "அப்படியா" என்பது, அதையே மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெயிலில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரிந்தது, படிக்கிற கண்ணாடி அறையில். பேத்தி படமாகத்தான் இருக்கும். குனிந்து பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு!" என்றேன்.

"நெஜமாவா?" என்று உதடு அசைந்தது. "நெஜமா" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பேத்தி மேல் இவ்வளவு உயிரா!

பிப்ரவரி 15, ஞாயிறு

டீச்சர் என்னை விடுவதே இல்லை. காபி வாங்கி வருகிறார். படி இறங்கும்போது கையைக் கோத்துக்கொள்கிறார். மதியம் பாட்டு நடந்த இடத்தில் எழுந்து ஆடினார், என்னையும் இழுத்தார். பாட்டே கேட்காதவள் தாளத்துக்கு எங்கே போவேன்? அவர் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். யாராவது என் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்க வேண்டாம்.

சார்ஜர் மர்மமும் உடைந்தது. குளியலறை விளக்கைப் போட்டால்தான் அந்தப் பிளக்கில் மின்சாரமே வருகிறது. விளக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் பச்சை எரியும், அணைத்து வந்ததும் செத்துவிடும். முப்பத்து நான்கு வருடம் சோதனை செய்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள்! விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

குளியலறைக்குள் நின்று காதில் மாட்டினேன். முழுச் சார்ஜ். வெளியே டீச்சர் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த முணுமுணுப்பு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"மைக்ராஸ்கோப்புலயே காலந்தள்ளினவங்கடி. அந்தக் கட்டி ரிப்போர்ட்ட நான் தொறக்கவே பயந்துட்டு இருந்தேன்ல, அவங்ககிட்டயே காட்டிட்டேன். ஒரே பார்வை. ரொம்ப நல்லா இருக்குன்னுட்டாங்க. இனிமே ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஐயோ. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றேன். சொல்லாமல் விட்டால்? இரண்டே நாள், கப்பல் கரைக்குப் போய்விடும். ரிப்போர்ட் நிஜமாகவே நல்லதாக இருக்கக்கூடாதா? அவர் கை கோத்துக்கொண்டு நடப்பார், நான் அக்காவாகவே இருப்பேன் — இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் அவரைக் கொல்வது நான்தானே? வெளியே வந்ததும் "என்னக்கா, முகம் வாடியிருக்கு?" என்றார். "தலைவலி" என்றேன். இன்னொரு பொய்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சார்ஜரைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன். காதிலிருந்து இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"எனக்குக் காது கேக்காது டீச்சர். அன்னிக்கு இது ரெண்டும் ஆஃப் ஆயிடுச்சு. நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. பேத்தி போட்டோன்னு நெனச்சுத்தான் நல்லா இருக்குன்னேன்."

முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு போனை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் முதல் வரியிலிருந்து படிப்பார்கள், நான் நேரே கடைசி வரிக்குத்தான் போவேன். போனேன்.

"என்ன போட்டிருக்கு?"

எந்த முடிவையும் நான் நோயாளியிடம் சொன்னதில்லை. அது டாக்டர் வேலை. இன்று சொன்னேன். "நல்லா இல்ல. எறங்கின கையோட டாக்டரப் பாக்கணும்."

மேஜை மேலிருந்த ஒயர் ஒன்றை இழுத்து விரலில் சுற்றினார். "மூணு நாளா ஆடிட்டு இருந்தேனே" என்றார். பிறகு, "என்னன்னு ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கலாமேக்கா."

"என்னது?" என்ற அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் ஊரை விட்டு ஒதுங்கிக் கிடந்தேன். அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 18

கரை. தன் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினார். என்னைப் பார்க்காமலே போனார்.

பிப்ரவரி 22

மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் நன்றாகக் கேட்கிறது. பேசத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 28, சனி

டீச்சரிடமிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்: "புதன் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் டாக்டரைப் பார்க்கணும். மகளால் கைக்குழந்தையோடு வர முடியாது. நீங்க வர முடியுமா? மெஷினை மாட்டிக்கிட்டு வாங்க."

நாலு தடவை படித்தேன். கோபம் இருக்கிறதா, போய்விட்டதா, கண்டுபிடிக்க முடியவில்லை. வருகிறேன் என்று போட்டேன்.

மார்ச் 4, புதன்

முடியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் என் காதைப் பார்த்தார். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். எங்கள் எண் நாற்பத்தொன்று. அறை நிறையக் கூட்டம், தள்ளுவண்டிச் சத்தம், யாருடைய குழந்தையோ அழுகிறது.

"கூப்பிட்டா கேக்குமா உங்களுக்கு?" என்றார்.

"என்னது?" என்றேன்.

கொஞ்சம் உரக்கத் திருப்பிச் சொன்னார். கேட்கும் என்றேன். நாலு நாளாகத் தூங்காதவர், என் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். பன்னிரண்டு மணி வாக்கில் நர்ஸ் கதவைப் பாதி திறந்து, முகக்கவசத்தைக்கூட இறக்காமல் எதையோ சொன்னாள். "எந்த நம்பர்? என்ன சொன்னாங்க?" என்று எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நாற்பத்தொன்று என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் டீச்சரை எழுப்பி, "நம்மளத்தான்" என்றேன்.